கட்டம் கட்டிய எழுத்து: ஐந்து எழுத்துருக்களும் ஒரு மோட்டார் பேனலும்

"தம்பி, பாத்தா ராக்கெட்டுக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கோணும்" என்றார் அவர். கோவையில் போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பேனல் செய்து விற்பவர். பல வருஷங்களாகச் சாம்பல் நிறத் தகரப் பெட்டி, அதன் மேல் சிவப்பில் பேர், அவ்வளவுதான் அவருடைய டிசைன். மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து, மொபைலிலிருந்தே மோட்டாரைப் போடுகிற புதுப் பேனல் ஒன்றைச் செய்தான். புதுப் பொருளுக்குப் புதுப் பேர், புதுப் பேருக்குப் புது எழுத்து. அப்படித்தான் வேலை என்னிடம் வந்தது.

மகனிடம் முடிவு ஏற்கெனவே தயார். ஆர்பிட்ரான் எழுத்துரு, அதிலும் இருப்பதிலேயே தடித்தது, எல்லாமே கேப்பிட்டல். "ஃபியூச்சர் லுக்குன்னா இதுதாண்ணா."

லுக் விஷயத்தில் அவனோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பேர் கடை முகப்பில் போர்டாக நிற்க வேண்டும், பேனலின் முன்பக்க ஸ்டிக்கரில் உட்கார வேண்டும், அட்டைப்பெட்டியில், ஆப்பில், டி-ஷர்ட்டில் வர வேண்டும். கூடவே தமிழிலும் வர வேண்டும். எந்த எழுத்துருவும் திரையில் ஆறு அங்குலத்துக்கு விரித்துப் பார்த்தால் அழகுதான். 3 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, சாதா பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பார்க்காமல் நான் எதற்கும் சரி சொல்வதில்லை.

ஆக, ஐந்து பேரைப் பந்தயத்தில் நிறுத்தினேன்: யூரோஸ்டைல், ஆர்பிட்ரான், ஆக்ஸேனியம், சக்ரா பெட்ச், ராஜ்தானி.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கட்டம் கட்டமான எழுத்தைப் பார்த்தாலே நமக்கு ஏன் எதிர்காலம் ஞாபகத்துக்கு வருகிறது? வீட்டில் செக் புத்தகம் இருந்தால் எடுத்து ஒரு தாளின் அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே வரிசையாக இருக்கும் எண்கள் விசித்திரமாக இருக்கும். ஒரு பக்கம் மெல்லிய கோடு, இன்னொரு பக்கம் திடீரென்று கட்டை போல வீக்கம். இ-13பி என்று அதற்குப் பேர். 1950-களின் கடைசியில் அமெரிக்க வங்கிகளுக்காக உருவானது. மொத்தமே 14 குறிகள்தான், 10 இலக்கங்களும் 4 அடையாளங்களும். காந்தத் தன்மை உள்ள மையில் அச்சடித்து இயந்திரத்துக்குள் ஓட்டினால், ஒவ்வொரு இலக்கத்திலும் மை எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதைப் பொறுத்து ஒரு தனி மின் அலை கிடைக்கும். அந்த அலையை வைத்து இயந்திரம் இது ஏழு, இது இரண்டு என்று பிரித்துக்கொள்ளும். வீக்கம் எல்லாம் அதற்காகத்தான். அழகு பார்த்து யாரும் வரையவில்லை.

1960-களில் டிசைனர்கள் இந்த 14 குறிகளைப் பார்த்து முழு அகரவரிசையே வரைந்துவிட்டார்கள். லியோ மேக்ஸின் வெஸ்ட்மின்ஸ்டர், 1970-ல் லெட்ராசெட் நிறுவனம் வெளியிட்ட பாப் நியூமனின் டேட்டா 70 எல்லாம் இந்த வழியில் வந்தவை. 1967-ல் நெதர்லாந்தின் விம் க்ரவ்வெல் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தக் காலத்துக் கணினித் திரைகளால் வளைவுகளை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. திரைக்கு வளைவு வராவிட்டால் எழுத்தையே மாற்றிவிடுவோம் என்று, படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் மட்டும் வைத்து, மூலைகளைச் சாய்வாக வெட்டி, 'நியூ ஆல்ஃபபெட்' என்று ஒன்றைச் செய்தார். பார்க்கப் பிரமாதம். படிப்பதற்குத்தான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டும். இன்றைக்கு இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் கோண எழுத்துருக்களில் பாதிக்கு மேல் அவருடைய பேரப்பிள்ளைகள் என்பது என் கணிப்பு. தாத்தாவின் படிக்க முடியாத குணமும் கூடவே வந்திருக்கிறது.

யூரோஸ்டைல் வேறு கிளை. இத்தாலியின் டூரின் நகரத்தில் நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகம் இருந்தது. அங்கே அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் 1952-ல் மைக்ரோகிராமா என்ற எழுத்தை வரைந்தார்கள். அதில் கேப்பிட்டல் மட்டும்தான். பத்து வருஷம் கழித்து, 1962-ல், நோவரேசே அதற்குச் சின்ன எழுத்துகளையும் சேர்த்து யூரோஸ்டைல் ஆக்கினார். அதில் ஆங்கில ஓ வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பழைய டிவி பெட்டியின் திரை போல, பக்கங்கள் லேசாகப் புடைத்து, மூலைகள் மழுங்கிய ஒரு வடிவம். விண்வெளிப் படங்களின் கப்பல் கதவுகளிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் அரை நூற்றாண்டாக இதைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் டிடிபி கடைக்காரர்களுக்கும் இது புதுசில்லை. கோரல் டிராவோடு வந்த பிட்ஸ்ட்ரீம் எழுத்துருக்களில் ஸ்கொயர் 721 என்று ஒன்று இருக்குமே, அது இதன் நகல்தான். அதே கூட்டத்தில் இருக்கும் பேங்க் காத்திக் இன்னும் பழசு. மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930-ல் வரைந்தது. வங்கிப் பத்திரத்துக்கும் விசிட்டிங் கார்டுக்கும் பொருத்தமான எழுத்தாக இருந்தது, பிறகு ராணுவ வீடியோ கேம்களுக்கும் ஏலியன் போஸ்டர்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டது. எழுத்துக்கும் வேலை மாற்றம் உண்டு.

யூரோஸ்டைலின் பெரிய பலம், அது அலட்டிக்கொள்ளாது. மூலையைச் சீவுவது, குறுக்குக் கோட்டை எடுத்துவிடுவது போன்ற வித்தைகள் எதுவும் கிடையாது. அதனால் பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் கூச்சமாக இருக்காது. லோகோவுக்கு மட்டும் எழுத்து வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். காசு என்றேன், ஏனென்றால் இது விலைக்கு வாங்க வேண்டிய எழுத்துரு. கணினியில் வைத்து அச்சு வேலை செய்ய ஒரு உரிமம், வெப்சைட்டுக்கு ஒன்று, ஆப்புக்குள் பதிக்க ஒன்று என்று இப்படிப்பட்டவற்றுக்குத் தனித்தனியாக வாங்கும் வழக்கம். ஆப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. இலவசமாகவே அந்தச் சாயல் வேண்டும் என்றால் வெர்னான் ஆடம்ஸ் வரைந்த மிக்ரோமா இருக்கிறது, மைக்ரோகிராமாவைப் பார்த்து வரைந்தது. ஆனால் ஒரே ஒரு தடிமன்தான். போல்ட் வேண்டும் என்றால் கிடையாது. சாஃப்ட்வேரில் சுற்றிலும் அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும்.

சரி, ஆர்பிட்ரான். மாட் மெக்கினர்னி வரைந்தது, லீக் ஆஃப் மூவபிள் டைப் என்ற குழு வழியாக வந்தது, இப்போது கூகுள் ஃபான்ட்ஸில் 400-லிருந்து 900 வரை தடிமன்களில் (எண் கூடக் கூட எழுத்து தடிக்கும்) இலவசமாகக் கிடைக்கிறது. இதைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ஒரு சொல்லை வைத்தால் போதும், என்ன சொல்ல வருகிறோம் என்பது அரை நொடியில் புரிந்துவிடும். ரோபோ போட்டி, கேமிங் சென்டர், கல்லூரி டெக்னிக்கல் சிம்போசியம் என்று எதற்குப் போட்டாலும் வேலை நடக்கும். அதுவே அதன் தலைவலியும். எந்தக் கல்லூரி சிம்போசியம் போஸ்டரைப் பார்த்தாலும் இதுவே நிற்கிறது. நம் பேனல் பெட்டி கடையில் இன்னும் நாலு பெட்டிகளோடு அடுக்கியிருக்கும்போது, 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்றினால் பேர் மாற்றியதன் பலன் போச்சு.

அதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு உண்மையில் இடித்தது அகலம். போர்டு வேலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால், சிரமப்படாமல் பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். இவர் கடை முகப்பு 10 அடி அகலம். பேர் ஆங்கிலத்தில் 10 எழுத்து. ஆளுக்கு ஒரு அடி. எழுத்தின் அகலமும் உயரமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் எழுத்துரு என்றால் உயரம் ஒரு அடியைத் தாண்டாது, அதாவது 120 அடி தூரம் வரை வசதியாகப் படிக்கலாம். அகலம் உயரத்தில் பாதி என்றால் அதே போர்டில் எழுத்து இரண்டடி நிற்கும், 240 அடியிலிருந்து படிக்கலாம். ரோட்டில் பைக்கில் வருகிறவருக்கு அந்த 120 அடி பெரிய வித்தியாசம். பிரேக் போட்டு நிறுத்துவதா, கடையைத் தாண்டிப் போய் யூ-டர்ன் எடுப்பதா என்பது அங்கேதான் முடிவாகிறது. ஆர்பிட்ரானும் விரிந்த யூரோஸ்டைலும் மிக்ரோமாவும் முதல் ரகம். ராஜ்தானி இரண்டாவது ரகத்தை ஒட்டியது. மற்ற இரண்டும் நடுவில்.

இதே கணக்கைப் பேனலுக்கும் போடலாம். முன்பக்க ஸ்டிக்கரில் சிவப்பு விளக்குக்குக் கீழே 'ஓவர்லோட்' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், 8 எழுத்து. ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவே 16 மில்லிமீட்டர்தான் இருந்தது. 3 மில்லிமீட்டர் உயரத்தில், அகலம் அதே அளவு உள்ள எழுத்தில் வைத்தால் 24 மில்லிமீட்டர் வேண்டும். பக்கத்து விளக்கின் 'ட்ரை ரன்' மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இடத்துக்குள் அடக்க வேண்டுமானால் உயரத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தோட்டத்தில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பேனலைப் பார்க்கிறவருக்கு 2 மில்லிமீட்டரில் சதுரம் சதுரமாக எட்டு டப்பா தெரியும். அவ்வளவுதான். இதை அச்செடுத்து மகனிடம் கொடுத்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

டப்பா என்று சும்மா சொல்லவில்லை. கோண எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பிறவிக் குறை இது. வளைவை எடுத்துவிட்டால் எழுத்துக்கு எழுத்து வித்தியாசமும் குறையும். ஆங்கில ஓ, டி, பூஜ்யம் மூன்றும் ஒரே சதுரம். எஸ்ஸும் 5-ம் இரட்டையர். பி, 8. இசட், 2. ஒரு எழுத்துருவை எடுப்பதற்கு முன் இந்தச் சோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தட்டச்சு செய்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பொருளின் மாடல் எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சர்வீசுக்குப் போன் செய்கிறவர் மாடல் எண்ணைத் தப்பாகப் படித்துச் சொன்னால், தப்பு அவர் கண்ணில் இல்லை.

ஆங்கில ஏ எழுத்தின் குறுக்குக் கோட்டை எடுத்துவிடும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாசாவின் 'புழு' லோகோ 1975-ல் ரிச்சர்ட் டேனும் புரூஸ் பிளாக்பர்னும் செய்தது. அதில் இரண்டு ஏக்களுக்கும் குறுக்குக் கோடு கிடையாது. அது அங்கே நன்றாகவே நிற்கிறது, ஏனென்றால் நாலே எழுத்து, உலகம் முழுக்கத் தெரிந்த பேர். 1992-ல் ஓரங்கட்டி, 2020-ல் திரும்பக் கொண்டுவந்தபோதும் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகவில்லை. யாருக்கும் தெரியாத புதுப் பேருக்கு அதே வித்தையைச் செய்தால் கவிழ்த்த வி என்றுதான் படிப்பார்கள்.

ஆக்ஸேனியத்தையும் சக்ரா பெட்ச்சையும் சேர்த்தே பார்க்கலாம், இரண்டும் மூலையை வெட்டும் கட்சி. ஆக்ஸேனியம் செவெரின் மேயர் வரைந்தது, 200-லிருந்து 800 வரை ஏழு தடிமன். அதன் ஓ எண்கோணம் மாதிரி, நாலு மூலையும் சாய்வாக வெட்டியது. நட்டு போல்ட் உலகத்திலிருந்து வந்த எழுத்து என்று பார்த்தவுடன் தோன்றும், மோட்டார் பேனலுக்கு அது வலிந்து ஒட்டிய வேஷமாகத் தெரியாது. சக்ரா பெட்ச் பாங்காக்கின் காட்சன் டெமாக் நிறுவனத்துடையது. தாய் எழுத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து வரைந்தது. பேரின் முதல் பாதி நமக்குத் தெரிந்த சக்கரம்தான். ஐந்து தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வெழுத்தும் உண்டு. அதில் கோடுகளின் முனையைக் கத்தியால் சீவினது போல ஒரு வெட்டு இருக்கும். பெரிய அளவில் அந்தச் சீவல் எழுத்துக்கு ஒரு ஓட்டத்தைக் கொடுக்கிறது. சின்ன அளவில், அதுவும் சுமாரான ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அச்சு தேய்ந்துபோன மாதிரி தெரிகிறது. ஆப் திரையில் இரண்டு மூன்று வரி விளக்கம் எழுத வேண்டும் என்றால் ஐந்தில் இதுதான் எனக்கு முதல் தேர்வு. சின்ன எழுத்துகள் சாதாரண எழுத்துருவைப் போலவே நிம்மதியாகப் படிக்கக் கிடைக்கின்றன. பேருக்கு என்றால் ஆக்ஸேனியம்.

காரணம் வெட்டும் கடையில் இருக்கிறது. பேனலின் மேல் ஒட்ட 15 மில்லிமீட்டர் உயரத்தில் அக்ரிலிக் எழுத்துகளை ரூட்டரில், அதாவது சுழலும் பிட்டால் வெட்டும் இயந்திரத்தில், வெட்டுவதாகத் திட்டம். ரூட்டரின் பிட் உருண்டையானது. 3 மில்லிமீட்டர் பிட் போட்டால், எழுத்தின் உள்மூலை எவ்வளவு கூர்மையாக வரைந்திருந்தாலும் 1.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டுதான் வரும். வெளிமூலை மட்டும் கத்தி மாதிரி நிற்கும். உள்ளே உருண்டை, வெளியே கூர்மை என்று எழுத்து இரண்டு மனசோடு இருக்கும். கடைப் போர்டின் பெரிய எழுத்தில் இது கண்ணுக்கே தெரியாது, 15 மில்லிமீட்டரில் பளிச்சென்று தெரியும். ஆக்ஸேனியத்தில் செங்கோண மூலையே குறைவு, எல்லாம் சாய்வாக விரிந்த மூலை, பிட் உருட்டினாலும் அந்த இடத்தில் பெரிதாக வித்தியாசம் இல்லை. வினைல் ஸ்டிக்கருக்கும் இதே கதை. வெயிலில் முதலில் உரிந்து எழும்புவது கூர்மூலைதான். வெட்டிய மூலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டி, பின்னால் விளக்கு போடுகிற போர்டு செய்வதாக இருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓவின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்க ஒரு பாலம் விட வேண்டும். உருண்டை எழுத்தில் அந்தப் பாலம் காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி இருக்கும், கோண எழுத்தில் அது டிசைனாகவே தோன்றும். ஐந்துக்கும் இது பொருந்தும், அதனால் இதில் யாருக்கும் மார்க் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ராஜ்தானி இந்தக் கூட்டத்தில் அடக்கமான ஆள். இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி வெளியிட்டது. தேவநாகரி எழுத்துகளைச் சத்ய ராஜ்புரோகித்தும் ஜ்யோதிஷ் சோனோவாலும் வரைய, ஆங்கில எழுத்துகளை வரைந்தவர் நம்ம ஷிவா நல்லபெருமாள். சதுர உடம்பு, ஆனால் ஒல்லி. மூலைகள் மழுங்கியவை, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. தனியாகப் பார்த்தால் 'இதில் என்ன ராக்கெட் இருக்கிறது' என்று பெரியவர் கேட்பார், கேட்டார். ஆனால் 'ஓவர்லோட்' 16 மில்லிமீட்டருக்குள் 3 மில்லிமீட்டர் உயரத்தில் மூச்சு முட்டாமல் உட்கார்ந்தது இதில் மட்டும்தான். ஒரே எச்சரிக்கை: அதே பாயின்ட் அளவில் மற்ற எழுத்துருக்களைவிட இது சின்னதாகத் தெரியும். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஸ்கேலை வைத்து அளந்து வைக்க வேண்டும். இந்திய வேலைக்காக வரைந்தது என்பதால் ₹ குறியும் ஒழுங்காக இருக்கிறது.

₹ பற்றி எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் வேறொரு வேலைக்கு, ஏதோ ஒரு தளத்திலிருந்து கோணலும் மாணலுமாகக் கம்பீரமான ஒரு எழுத்துருவை இறக்கி விலை ஸ்டிக்கர் செய்தேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அதில் ₹ இல்லாததால் சாஃப்ட்வேர் தானாகவே வேறு எழுத்துருவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அச்சகத்துக் கணினியில் அந்த வேறு எழுத்துருவும் இல்லை. ஆயிரம் ஸ்டிக்கர், ஆயிரத்திலும் விலைக்கு முன்னால் ஒரு காலிக் கட்டம். கோண எழுத்துரு என்பதால் அந்தக் கட்டமும் டிசைனில் ஒரு பகுதி போலவே இருந்தது, அதனால்தான் அச்சகத்திலும் யாரும் சந்தேகப்படவில்லை! அதற்குப் பிறகு எழுத்துருவை எடுத்ததும் முதல் வேலையாக ₹1,499 என்று அடித்துப் பார்த்துவிடுகிறேன். கோப்பை அனுப்பும் முன் எல்லாவற்றையும் கர்வ் ஆக்கியும்விடுகிறேன், அதாவது எழுத்தை வெறும் வரைகோடாக மாற்றிவிடுகிறேன். அந்த எழுத்துரு சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஆர்பிட்ரான், ஆக்ஸேனியம், சக்ரா பெட்ச், ராஜ்தானி, மிக்ரோமா ஐந்துமே ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆப்பில் பதிக்கலாம், எழுத்தை மாற்றியும் வரையலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. பட்ஜெட் இல்லாத வேலைக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. இந்த ஐந்தில் ஒன்றிலும் தமிழ் கிடையாது.

பெரியவர் ஒரே போடாகச் சொன்னார்: "இங்கிலீஸ்ல என்ன வேணா பண்ணிக்குங்க. வெவசாயி படிக்கறது தமிழ்தானுங்க." நியாயம். அப்படியானால் தமிழையும் இதே மாதிரி கட்டம் கட்டி வரைந்துவிடலாமா? நான் முயன்று பார்த்தேன். ட, ப, ம, ய, ங போன்றவை தாமாகவே வந்து உட்கார்கின்றன. ட என்பதே ஒரு மூலைதானே. தமிழ் எழுத்துக்குக் கோணம் ஒன்றும் அந்நியமில்லை, மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில் பாறையில் வெட்டிய தமிழ்ப் பிராமியைப் பார்த்தால் பெரும்பாலும் நேர்கோடும் மூலையும்தான். ஆனால் இன்றைய எழுத்து அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. ன, ண இரண்டையும் சதுரமாக்கினால் வித்தியாசம் ஒரு செங்குத்துக் கோடு மட்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ர-வின் காலில் உள்ள சின்ன சாய்வை நேராக்கினால் அது துணைக்காலாகிவிடுகிறது. 'மோட்டார்' என்ற சொல்லை வரைந்து பார்த்தேன். துணைக்காலும் அடுத்து வரும் ர-வும் அச்சு அசலாக ஒன்றாக நின்றன. மேலே புள்ளி இருப்பதால் மட்டும் பிழைத்தது. அந்தப் புள்ளியையும் ஸ்டைலுக்காகச் சதுரமாக்கி எழுத்தோடு ஒட்ட வைத்திருந்தேன், தள்ளி நின்று பார்த்தபோது அதையும் காணோம்.

ஞ, ஜ, ணை பக்கமே நான் போகவில்லை. பெயரில் அவை இல்லை, தப்பித்தேன். கையால் வரைகிற ஆளாக இருந்தால், ஒரு பேருக்கு மட்டும், எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பார்த்து வரையலாம். எங்கே வளைவு கட்டாயம் வேண்டுமோ அங்கே விட்டுவிட்டு, மற்ற இடங்களில் மூலை வைக்கலாம். அதற்கு நாலைந்து நாள் ஆகும், அந்த நாலைந்து நாளுக்கும் காசு கொடுக்கிற வாடிக்கையாளர் வேண்டும்.

அது இல்லாவிட்டால், இருக்கிற தமிழ் எழுத்துருக்களில் உடம்பு ஒத்துப்போகிற ஒன்றை எடுப்பதுதான் வழி. மும்பையின் ஏக் டைப் 2022-ல் கொண்டுவந்த அனெக் தமிழை இதற்காகத்தான் நான் எப்போதும் கையில் வைத்திருக்கிறேன். தடிமன் 100-லிருந்து 800 வரை, அதோடு அகலத்தையும் ஒடுக்கியது முதல் விரித்தது வரை தேவைக்கு நகர்த்தலாம். வளைவுகள் உருண்டையாக இல்லாமல், மாத்திரை கேப்ஸ்யூல் போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். அதனால் சதுர ஆங்கிலத்தின் பக்கத்தில் உறுத்தாது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்துரு, ஒன்பது தடிமன் இருக்கிறது, ஆனால் அதன் வளைவுகள் இந்த வேலைக்குக் கொஞ்சம் இளகியவை. முக்தா மலர் நீளமான வாசகத்துக்கு நல்லது, போர்டுக்கு முறுக்குப் பற்றாது.

இரண்டு மொழியையும் சேர்க்கும்போது மூலை மூலையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட, கோட்டின் தடிமன் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை நம்பாதீர்கள். ஒன்றில் 700 என்பது இன்னொன்றில் 600 போல இருக்கும். ஆங்கிலக் கேப்பிட்டலின் செங்குத்துக் கோட்டை வெட்டி எடுத்துத் தமிழ் ப-வின் கோட்டுக்கு மேலேயே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அது ஒத்துவிட்டால் ஒன்றில் மூலையும் மற்றொன்றில் வளைவும் இருந்தாலும் கண் மன்னித்துவிடும். உயரத்தையும் அப்படியே கேப்பிட்டலுக்குச் சமமாக வைத்தால் தமிழ் தூக்கலாகத் தெரிகிறது, ஒரு நூல் குறைத்தால் சரியாகிவிடுகிறது. மேலே கொக்கி போட்டு நிற்கிற இகர ஈகாரங்களுக்கும் இடம் விட வேண்டும், போர்டின் மேல்விளிம்பில் அவை இடித்துக்கொண்டிருந்தால் எந்த ராக்கெட்டும் கிளம்பாது.

கடைசியில் ஆனது இது. பேர் ஆங்கிலத்தில் ஆக்ஸேனியம் 700, எல்லாம் கேப்பிட்டல், எழுத்துக்கிடையே கொஞ்சம் காற்று விட்டது. போர்டில் மேலே பெரிதாகத் தமிழ், அனெக் தமிழின் ஒடுக்கிய வடிவம். கீழே அதில் பாதி உயரத்தில் ஆங்கிலம். இந்த வரிசை பெரியவர் சொன்னது, 120 அடிக் கணக்கும் அதனாலேயே தீர்ந்துவிட்டது. பேனலில் பேர் மட்டும் ஆக்ஸேனியம், விளக்குகளுக்கும் சுவிட்சுகளுக்கும் ராஜ்தானி. ஆப்பில் வோல்டேஜ், ஆம்ப்ஸ் எண்கள் ஆக்ஸேனியம், விளக்க வரிகள் சக்ரா பெட்ச், தமிழ் எல்லா இடத்திலும் அனெக். எழுத்துரு நாலு ஆகிவிட்டதே என்று யாராவது கேட்டால், ஆமாம், ஒன்று கூடத்தான். ஆப்பில் சக்ரா பெட்ச் இல்லாமல் ராஜ்தானியையே வைத்திருக்கலாம், அடுத்த அப்டேட்டில் மாற்றலாம் என்று இருக்கிறேன்.

மகனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. டி-ஷர்ட்டை அவனிடமே விட்டுவிட்டேன், முதுகில் ஆர்பிட்ரான் 900. எம்பிராய்டரிக்காரர் அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துவிட்டு, நூல் ரொம்பப் பிடிக்கும், துணி சுருங்கும், பிரிண்டே பண்ணிக்கலாம் என்றார். பிரிண்ட் பண்ணினார்கள், எட்டு டி-ஷர்ட். போன வாரம் பார்த்தபோது பெரியவரே ஒன்றைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று, லாரியிலிருந்து தகரப் பெட்டிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.